வீடும் நான்கெல்லையும்

சென்ற தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடலூர் முதுநகரில் வாழும் நம் குலத்தன்பர் ஒருவர் எம் இல்லம் போந்தார். முன்னர் எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கர் அவர். தந்தையார் காலமாகி ஓராண்டு நிறைந்தது. தமையனார் சென்னையில் உத்தியோகத்தில் இருக்கின்றார். இவரும் அன்னையாரும் பாட்டனார் கட்டிய பழைய வீட்டில் குடியிருக்கின்றனர். வீட்டை விற்றுப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது தமையனார் கருத்து. தரகர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து, "வீட்டுக்கு விலை கிடையாது, இடித்து அள்ளும் கூலியைக் கழித்துக்கொண்டு மனைக்கு மட்டும் விலை சொல்கிறேன்" என்று கூறிப் போயினராம். "ஐயா, மூன்று தலைமுறை நாங்கள் குடியிருந்த வீடு, அதற்கு ஒரு காசும் பெறாதா?" என்று அவர் வினவியபோது குரல் தழுதழுத்தது.

யாம் வீடு மதிப்பிடும் தொழில் கற்றவரல்லேம். இலக்கணமும் இலக்கியமும் சொல்லிக் கொடுத்துக் காலங்கழிப்பவர். எனினும் நம்மவருள் இத்தகைய பழைய வீடுடையார் கூடலூரிலும் சிதம்பரத்திலும் பலர். ஆண்டுதோறும் அவற்றை அரைவிலைக்கும் கால்விலைக்கும் கொடுத்துவிட்டுப் பின்னர் இரங்குவோரும் பலர். ஆகலின் அவ்வன்பருக்கு யாம் கூறியவற்றையும், அவரோடு சென்று கண்டவற்றையும், இப்பகுதியின் பழைய வரலாற்றினின்று அதற்கு இயைபாக எமக்குத் தோன்றியவற்றையும் இவ்விதழ் வாயிலாக வெளியிடத் துணிந்தேம்.

வீடு என்னும் சொல் விடுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. துறவோர்க்கு அது பேரின்ப வீடு. பத்திரம் எழுதுவோர்க்கு அப்பொருள் ஒருசிறிதும் பயன்படாது. அவர்க்குப் பயன்படும் சொல் மனை. மனை நிலத்தையும் குறிக்கும், அந்நிலத்தின்மேல் எழுந்த இல்லத்தையும் குறிக்கும். இவ்விரண்டையும் பிரித்து, நிலத்துக்கு விலை உண்டு, இல்லத்துக்கு இல்லை என்று கூறும் வழக்கம் இக்காலத்துத் தரகர் கண்டது. இவற்றினும் சுவையுடைய சொல் ஆவணம் என்பது. கடைத்தெருவுக்கும் அதுவே பெயர். உரிமையைக் காட்டும் ஓலைக்கும் அதுவே பெயர். தெருவையும் பத்திரத்தையும் ஒரே சொல்லாற் சுட்டிய முன்னோர் இரண்டிற்கும் உள்ள உறவை அறியாமல் அங்ஙனம் வழங்கினர் என்று எம்மால் எண்ணக் கூடவில்லை.

பத்திரத்தையே எடுத்துப் பாருங்கள். சொத்து விவரம் என்னும் பகுதியில் செக்குபந்தி என்று ஒன்று எழுதியிருக்கும். தெருவுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு, இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்ன சந்துக்குத் தெற்கு, இதற்குட்பட்ட மனை என்று அது செல்லும். விற்கும் வீட்டைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நாற்புறமும் உள்ள அயலைச் சொல்லி, நடுவில் எஞ்சியது எதுவோ அதுவே வீடு என்று விட்டுவிடுகின்றனர். நம் வீடு பிறர் வீட்டுக்கு மேற்கே இருப்பதனால்தான் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படுகின்றது. பதிவுத்துறையாரும் வழிகாட்டி மதிப்பைத் தெருவாரியாகவும் புலஎண்வாரியாகவும் வகுத்து வைத்துள்ளனரே அன்றி, இன்னார் வீட்டுத் தூண் தேக்கா வேம்பா என்று வினவி வகுத்திலர். ஆதலின் வீட்டை மதிக்கப் புகுவோன் முதலில் வீட்டுக்குள் நுழைதல் பிழை. அவன் தெருமுனையில் நின்று தொடங்கல் வேண்டும்.

இம்முறை புதிதன்று. திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பாடிய வழக்கை நினைவுகூர்வோம். நம்பியாரூரரின் திருமணப் பந்தரில் முதிய அந்தணராய் வந்தவர், இவன் எனக்கு அடிமை என்று ஓலை காட்டினார். நம்பியாரூரர் அதனைப் பறித்துக் கிழித்தார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவையத்தார் முன் சென்றது. அவர்கள் மூல ஓலையை வாங்கி, பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையிலுள்ள எழுத்தோடு ஒப்புநோக்கி, இரண்டும் ஒத்தமையின் முதியவர் பக்கமே தீர்ப்பளித்தனர். இக்கதை எல்லாரும் அறிந்தது. ஆனால் தீர்ப்புக்குப் பின்னர் அவ்வவையத்தார் கேட்ட கேள்வியைப் பலர் கருதாமற் கடந்துவிடுகின்றனர். ஓலையில் எங்கள் ஊரையே உமது ஊராகக் காட்டியுள்ளீர். வழிவழியாக வந்த உமது வீடு இங்கே எது, காட்டும் என்றனர். எழுத்து ஒத்தது, ஓலை செல்லும், எனினும் ஊரில் ஒரு வீடும் அதற்கு ஓர் அயலும் இல்லாதவனை ஊரான் என்று கொள்ள அவர்க்கு மனம் வரவில்லை. முதியவர் அவர்களை அழைத்துச் சென்று திருவருட்டுறைக் கோயிலினுள் புகுந்து மறைந்தார். இறைவனே ஆயினும் அவ்வூரார் வீட்டைக் கேட்டுத்தான் விட்டனர்.

நிற்க. நம் கூடலூரில் ஒரு கட்டடத்தை அதன் அயலோடு சேர்த்து விலைபேசிய வரலாறு ஒன்றுண்டு. அது போன்ற கிரயம் வேறெங்கும் நிகழ்ந்ததாக யாம் படித்ததில்லை. கெடிலம் கடலொடு கலக்குமிடத்தில், தேவனாம்பட்டினத்தில், உள்நாட்டு வணிகர் ஒருவர் கட்டியதாகச் சொல்லப்படும் சிறு கோட்டை ஒன்று இருந்தது. 1677-ஆம் ஆண்டில் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியபோது இப்பகுதியும் மராட்டியர் வசமாயிற்று. 1689-ஆம் ஆண்டில் சிவாஜியின் மைந்தர் இராஜாராம் வடக்கே முகலாயர் கைக்குத் தப்பிச் செஞ்சி வந்து சேர்ந்தார். மறு ஆண்டே அவுரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகர்கான் செஞ்சியை வளைத்தனர். அம்முற்றுகை 1698 வரை நீண்டது. முற்றுகையிற் பட்டவனுக்குப் பணம் வேண்டும். பணம் வேண்டுபவனுக்கு விற்கக் கோட்டை இருந்தது. வாங்குதற்குக் கடற்கரை நெடுகிலும் ஐரோப்பிய வணிகர் காத்திருந்தனர்: ஒல்லாந்தர் தேவனாம்பட்டினத்திலேயே நெடுநாள் வாணிகம் நடத்தியவர், பிரெஞ்சுக்காரர் வடக்கே புதுச்சேரியில் இருந்தனர், ஆங்கிலக் கும்பினியார் சென்னையில் இருந்தனர். 1690-ல் ஆங்கிலேயர் வாங்கினர். அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிகு ஏல். தம் முன்னோர் நாடாகிய வேல்ஸின் காவற்புனிதர் பெயரால் அதற்குப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர் என்பர்.

இனி, அக்கிரயத்தின் செக்குபந்தியைக் கேளுங்கள். கோட்டையோடு, அதனைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரை உள்ள நிலமும் வாங்குவோர்க்கு உரியது என்பது உடன்பாடு. கிழக்கில் இன்னார், மேற்கில் இன்னார் என்பது இல்லை. குண்டு விழுந்த இடமே எல்லை. பீரங்கியை மட்டமாக வைத்துச் சுட்டால் குண்டு அண்மையில் விழும். வாயை உயர்த்தி, மருந்தை நிறையக் கெட்டித்துச் சுட்டால் நெடுந்தொலைவு செல்லும். இதனை விற்றவர் அறிந்திருந்தனரோ இல்லையோ, வாங்கியவர் நன்கறிந்திருந்தனர். சிறந்த பீரங்கியையும் கைதேர்ந்த சுடுவோரையும் தேர்ந்து அனுப்பினர். 1690-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நாற்றிசையும் குண்டுகள் பறந்தன. கூடலூர் நகரமும் சுற்றியிருந்த சிற்றூர்களும் அவ்வெல்லைக்குள் அடங்கின. அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வழங்கலாயிற்று. குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்று இப்பக்கத்தில் இன்றும் வழங்கும் பெயர்கள் அதன் அடியாக வந்தவை என்று சொல்லக் கேட்கிறோம்.

தம் வயலில் குண்டு விழக் கண்ட உழவனை யாரேனும் அழைத்து ஒரு சொல் கேட்டனரா என்றால், இல்லை. அன்று காலை அவன் எருது பூட்டியபோது செஞ்சியாரின் குடி. மாலையில் அவிழ்த்தபோது கும்பினியாரின் குடி.

ஆங்கிலேயர் அங்ஙனம் கேட்டு வாங்கியதன் கருத்து யாதாக இருக்கும்? சுவரும் அகழியுமாக நின்ற கோட்டை மட்டும் தனியே ஒன்றும் பெறாது என்பதை அவர்கள் கண்டிருந்தனர். சுற்றிலும் துணி நெய்வோர் இருந்தனர், சந்தை இருந்தது, ஆற்றுமுகத்தில் தோணி செல்ல வழி இருந்தது, உள்நாட்டிலிருந்து பொதிமாடுகள் வரும் பாதை இருந்தது. கூடலூர் என்னும் பெயரே ஆறுகள் கூடுமிடம் என்னும் பொருளது. கடலூர் என்பது அதன் திரிபு. கோட்டைக்கு மதிப்புத் தந்தவை இவையே. எம்மைக் காண வந்த தரகர் வீட்டை ஒழித்து மனையைக் கணக்கிட்டார். ஏல் துரையோ கோட்டையைவிட்டுக் கோட்டையின் அயலைக் கணக்கிட்டார். இருவருள் எவர் கூரியர் என்று யாம் சொல்ல வேண்டுவதில்லை.

வாங்கியதன் பயன் 56 ஆண்டு கழித்துப் புலப்பட்டது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அங்கிருந்து தப்பி வந்தோருள் இராபர்ட் கிளைவும் ஒருவர். அப்போது அவர் எழுத்தராக இருந்த இளைஞர். அன்று முதல் 1752 வரை தென்னாட்டில் ஆங்கிலேயரின் தலைமையிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையே. 1756-ல் கிளைவே அதன் ஆளுநராக வந்தார். அதன் உச்சம் அவ்வளவே. 1758 ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டுப் பிடித்து, மதில்களை வெடிமருந்தால் தகர்த்தனர். பின்னர் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மீண்டது, மீண்டும் பறிபோயிற்று, மீண்டும் வந்தது. கோட்டை மட்டும் பழைய நிலையை எய்தவில்லை. மாவட்ட ஆட்சி மஞ்சக்குப்பத்தில் அமர்ந்தது. இன்று தேவனாம்பட்டினம் செல்வோர் ஆற்றங்கரையில் காண்பன இடிந்த சில கட்டடப் பகுதிகளே. குண்டு விழுந்த ஊர்களோ, ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மக்கள் வாழ்கின்றனர், வயல் விளைகின்றது, மனைகள் விலையேறுகின்றன. வீட்டுக்காக அயலை வாங்கினர். வீடு போயிற்று, அயல் நின்றது.

விற்றவர் பக்கத்தையும் சிறிது நோக்குதல் வேண்டும். இராஜாராம் முடையால் விற்றவர். முற்றுகையின் அழுத்தத்தில் இருப்பவன் பீரங்கியின் வாயை எவ்வளவு உயர்த்தலாம் என்று பத்திரத்தில் வரையறுக்க மறந்துவிடுகின்றான். எமக்கும் அங்ஙனம் நேர்ந்ததுண்டு. அதனைச் சிதம்பரத்தைப்பற்றிக் கூறுமிடத்துச் சொல்வேம்.

கூடலூரில் வாணிகம் தெருவுக்கு விலை தந்தது போலச் சிதம்பரத்தில் தெருவுக்கு விலை தருவது தேர். நகரின் நடுவே கோயில். அதனைச் சூழக் கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என்னும் நான்கு பெருவீதிகள். ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்குமாக ஆண்டிற்கு இருமுறை ஐந்து தேர்கள் இவ்வீதிகளில் உலாவரும். வீதியின் அகலம் தேருக்காக அமைந்தது; அவ்வகலமே பின்னர்க் கடைக்கும் வண்டிக்கும் பேருந்துக்கும் உதவிற்று. ஆறுமுகநாவலர் 1864-ல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவ இந்நகரைத் தேர்ந்தபோது மேலவீதியில் இடங்கொண்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர், இந்நகரில் ஒரு பள்ளி நிலைக்க வேண்டுமாயின் எத்தெருவில் இருத்தல் வேண்டும் என்பதை உள்ளூரார் சிலரினும் தெளிவாக அறிந்திருந்தனர் என்றே கொள்கிறோம். பிள்ளைகள் நாற்புறமிருந்தும் எளிதில் வரலாம். திருவிழாக் காலத்தில் வெளியூர் அன்பர் கண்ணிற் படாமற் போகாது.

எம் தந்தையார் வீடு இப்பெருவீதியொன்றினின்று பிரியும் சந்தில் இருந்தது. பதினெட்டு ஆண்டுகட்கு முன் தங்கையின் திருமணத்தின்பொருட்டு அதனை விற்றேம். முகூர்த்தநாள் குறித்தாகிவிட்டது, பணம் கையில் வேண்டும். வாங்க வந்தவர் சுவரிலுள்ள வெடிப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கூரையில் ஓடு நழுவியதைக் காட்டினார். புழக்கடைக் கிணறு உவர்ந்ததைக் காட்டினார். யாமும் ஆம், ஆம் என்றேம். சந்துமுனையிலிருந்து தேர்வீதிக்கு முப்பது அடியே என்பதை அவர் சொல்லவில்லை; எமக்கும் அவ்வமயம் தோன்றவில்லை. மறு ஆண்டு மார்கழியில் அவ்வீட்டின் முன்கட்டில் திருவாதிரைக்கு வந்தோர் தங்க அறைகள் எழும்பியிருந்தன. அவரைக் குறை கூறேம்; அவர் பீரங்கியை நன்றாக உயர்த்திச் சுட்டார், அவ்வளவே.

எனினும் வீதியின் மதிப்பே வீட்டின் மதிப்பு என்று முடித்துவிடுதலும் பிழை. இச்சிதம்பரமே அதற்குச் சான்று. உமாபதி சிவாசாரியார் தில்லைவாழ் அந்தணருள் ஒருவர், கி.பி. 1313-ஐ ஒட்டிச் சங்கற்ப நிராகரணம் இயற்றியவர். கோயில் பூசையின் சிறப்போடு சிவிகையில் சென்றவர், தெருவோரத்தில் நின்ற மறைஞான சம்பந்தரின் ஒரு சொற்கேட்டு இறங்கி அவர் பின்னே நடந்தார் என்பது வழிவழிச் செய்தி. ஆசிரியர் நெய்வார் தெருவில் பாவுக்கு இடும் கஞ்சியை வாங்கிப் பருக, அவர் முழங்கை வழியே வழிந்ததை மாணாக்கர் ஏந்திப் பருகினார். இது கேட்ட தம்மினத்தார் அவரை விலக்கி வைத்தனர். அவர் ஊர்ப்புறத்தே கொற்றவன்குடியில் சென்று குடியிருந்தார். வீதியினின்று நீங்கியவர்க்கு வீட்டின் மதிப்பு என்னாகும்? திருவிழாத் தொடக்கத்தில் கொடி ஏறவில்லை என்றும், கொற்றவன்குடியிலிருந்து அவரை அழைத்து வந்து அவர் கொடிக்கவி பாடியபின்னரே ஏறிற்று என்றும் கூறுவர். வீதி தானே நடந்து அவர் வீட்டு வாயிலுக்குச் சென்ற கதை இது. இக்காலத்தில் கொற்றவன்குடி நகரோடு ஒட்டிப்போயிற்று. ஒருகாலத்து ஊர்ப்புறம் இன்று ஊரே.

பிற்காலத்தும் அங்ஙனமே நிகழ்ந்தது. 1920-ல் மீனாட்சி கல்லூரி தோன்றிற்று. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. இருப்புப் பாதைக்குக் கிழக்கே நெல் விளைந்த நிலத்தில் ஒரு நகரமே எழுந்தது. தேர்வீதியை விட்டால் சிதம்பரத்தில் மனைக்கு விலையில்லை என்று எண்ணியிருந்தோர், பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விட்டோர் அடைந்த வருவாயைக் கண்டு வியந்தனர். அயல் என்பது நின்ற இடத்தில் நிற்பதன்று. வடலூரையும் இவ்விடத்தே நினைக்கலாம். இராமலிங்க அடிகள் சென்னையில் ஏழுகிணற்றுப் பக்கம் வீராசாமிப் பிள்ளை தெருவில் ஒரு சிறு வீட்டில் நெடுங்காலம் இருந்தவர்; பின்னர்க் கருங்குழியில் ஓர் அன்பர் வீட்டில் இருந்தவர். தருமசாலைக்கு அவர் தேர்ந்த இடமோ தெருவற்ற வெட்டவெளி. பார்வதிபுரத்தார் கொடுத்த 80 காணி நிலத்தில் 1867 மே மாதத்தில் அது தொடங்கிற்று. வீதி இல்லை, கடை இல்லை. ஆனால் பெருவழிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம் அது. பசித்தவன் வருவது வழியில்தானே? அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாதிருக்கின்றது, வெட்டவெளி ஊராயிற்று.

இவ்வளவும் அன்பருக்குச் சொல்லி முடித்தபின், "ஐயா, எங்கள் வீட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. மறு ஞாயிறன்று முதுநகருக்குச் சென்றேம்.

தெருமுனையில் நின்று முதலில் தெருவைப் பார்த்தேம். ஒருகாலத்தில் இது வாணிகத் தெரு. உப்பனாற்றில் சரக்கேற்றும் படகுகள் நின்ற காலத்தில் வீட்டுக்கு வீடு கிடங்கு இருந்ததாம். கூடலூர்த் துறையில் பெருங்கப்பல்கள் கரையணைய இயலாது. தொலைவில் நிற்கும், படகுகளே சரக்கைக் கொண்டு செல்லும். சென்னைத் துறைமுகம் வளர வளர இத்துறையின் வாணிகம் தேய்ந்தது. கடைத்தெருவின் ஆரவாரம் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் போயிற்று. பழைய கிடங்குகளுள் ஒன்று இப்போது திருமண மண்டபம். ஒன்று பூட்டிக் கிடக்கின்றது. மற்றொன்றின் இடத்தில் நான்கு அடுக்கு வீடு எழும்புகின்றது. ஆயினும் தெரு இறந்துவிடவில்லை. கூடலூர்த் துறைமுகச் சந்திப்பு நிலையம் நடக்கும் தொலைவில் உள்ளது. மீன் வாணிகம் உயிரோடிருக்கின்றது. பள்ளி இரண்டு உள்ளன.

பின்னர் வீட்டின் முன் நின்றேம். இருபுறமும் திண்ணை; நடுவே வாயிற்படி இரண்டு. அன்னையார் வெளியே வந்து, "தம்பி, நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஐந்து படி ஏறித்தான் உள்ளே வந்தேன்" என்றார். மூன்று படிகள் எங்கே போயின? சாலை போடும்போதெல்லாம் பழைய தளத்தைச் சுரண்டாமல் மேன்மேலும் ஊற்றியதால் தெரு உயர்ந்தது, படிகள் புதைந்தன. 2015-ஆம் ஆண்டுப் பெருமழையில் தண்ணீர் திண்ணையைத் தாண்டி முற்றத்தில் நின்றது. வீட்டின் குறையன்று இது. தெரு வீட்டின்மேல் ஏறி அமர்ந்த குறை. இதுவே இம்மதிப்பில் யாம் கண்ட மிகப் பெரிய கழிவு. தரகர் இதனைக் குறிப்பிடவே இல்லை. புதிதாகக் கட்டுவோன் அடித்தளத்தை உயர்த்திக்கொள்வான் ஆதலின் அவருக்கு இது பொருட்டில்லை போலும்.

உள்ளே முற்றத்தைச் சூழ எட்டுத் தூண்கள், பர்மாத் தேக்கு. தலைவாசற்கதவு ஒற்றைப் பலகை அகலம் இரண்டு சாண் இருக்கும். சுண்ணாம்புக் காரை பூசிய சுவர்கள் சில இடங்களில் உப்புப் பூத்துள்ளன. கடற்காற்றுப் படும் ஊரில் அது இயல்பு. தளம் மரக்கட்டைகளின்மேல் செங்கல் சாய்த்து அடுக்கிய பழைய மதராஸ் தளம். ஓரிடத்தில் ஒழுகுகின்றது, மற்றபடி உறுதியே. இடித்து அகற்றும் கூலியைக் கழித்துக்கொண்ட தரகர், இடித்தெடுக்கும் தேக்கின் விலையைக் கூட்டினாரா என்று வினவினோம். இல்லை என்றார் அன்பர். பழைய தூணும் கதவும் காரைக்குடிப் பக்கத்துக் கடைகளில் என்ன விலைக்குப் போகின்றன என்பதை ஒருமுறை சென்று கேட்டு வாருங்கள் என்று மட்டும் கூறினேம். விலையில்லாத வீட்டின் தூணுக்கு விலை உண்டாயின், யாரோ ஒருவர் அதனைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ள எண்ணியுள்ளார் என்பது பொருள்.

பின்னர் இரும்புப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தனர். 1931-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. செக்குபந்தியை யாம் படிக்க, அன்னையார் ஒவ்வொன்றாக அடையாளங் காட்டினார். மேற்கே தெரு. வடக்கே நூல் கிடங்கு; அதுதான் இப்போது திருமண மண்டபம். தெற்கே ஒருவர் வீடு. அது இடிந்து நாற்பது ஆண்டாயிற்றாம். கிழக்கே, புழக்கடைக்குப் பின்னால், ஆற்றுப்பக்கம் செல்லும் பொதுச்சந்து. இக்கடைசிச் சொல்லில் எம் கண் நின்றது. புழக்கடைக் கதவைத் திறந்தேம். சந்து முள்ளும் குப்பையுமாக மூடிக் கிடந்தது. மண்டபத்தார் அதன் ஒரு பகுதியில் தகரம் வேய்ந்து விறகு அடுக்கியிருந்தனர். மேற்கே தெருவும் கிழக்கே சந்தும் உடைய மனைக்கும், முன்வழி ஒன்றே உடைய மனைக்கும் விலையில் எவ்வளவு வேறுபாடு! முன்கட்டில் ஒருவரும் பின்கட்டில் ஒருவருமாக இரு குடும்பம் தனித்தனி வாயிலோடு இருக்கலாம். பங்கிடுதற்கு விற்கவே வேண்டுவதில்லை. மழைநீர் தெருப்பக்கம் ஏறமாட்டாதாயினும் சந்துவழியே ஆற்றுப்பக்கம் இறங்கும். மூன்று படி புதைந்த குறைக்கும் மருந்து அங்கேதான் இருந்தது. தரகர் சந்தைப்பற்றியும் பேசவில்லை.

தமையனார் அடுத்த வாரம் சென்னையிலிருந்து வந்தார். அவரோடு பேசுதல் எளிதாக இல்லை. "ஐயா, உங்கள் பழைய கதையெல்லாம் சரி, எனக்கு அங்கே வட்டி ஏறுகிறது" என்றார். கடன் உடையவர் கூற்றில் பிழை காண்பது எங்ஙனம்? செஞ்சியில் இருந்தவர்க்கும் வட்டி ஏறியது என்றுதான் யாம் சொன்னேம். அவர் சிரித்தார்; பின்னர்ச் சிறிது நேரம் பேசவில்லை. அன்னையார் அடுக்களையிலிருந்து காபி கொண்டுவந்து வைத்து, எதுவும் சொல்லாமல் உள்ளே போனார். முடிவில் ஆவணி வரை பொறுப்பதாக ஒப்பினார். அதற்குள் தந்தையார் பெயரிலுள்ள பட்டாவை இருவர் பெயருக்கும் மாற்றுதல், வில்லங்கச் சான்று எடுத்தல், பொதுச்சந்தின் எல்லையை அளந்து கல் நடச் செய்தல் ஆகிய மூன்றும் முடிய வேண்டும் என்றும், பின்னர் விற்பதாயினும் பிரித்துக்கொள்வதாயினும் இருவரும் ஒருமித்துச் செய்வதென்றும் பேசினர். விற்பதே முடிவாயின் யாம் தடுக்கப்போவதில்லை. சந்தையும் தேக்கையும் சேர்த்து விற்கட்டும்.

நில அளவைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது எம் கையால். 1931-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் செக்குபந்தியை அப்படியே அதில் பெயர்த்தெழுதினேம், தெற்கே இடிந்துபோன வீட்டுக்காரர் பெயர் உட்பட. அளவர் வரும் நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. அன்பர் மட்டும் காத்திராமல் சென்ற ஞாயிறு மண்வெட்டி எடுத்து வாயிலில் தோண்டத் தொடங்கிவிட்டார். மூன்றாவது படி அகப்பட்டுவிட்டதாம்.